ராமானுஜன் படங்களில் விடுபட்ட ஒரு வருடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மாவை உட்கார வைத்து 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' படத்தைப் போட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வசனம் வசனமாக நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். எண்களின் பிரிவினை பற்றிய இடம் வந்தபோது மட்டும் "அது கணக்குங்கம்மா" என்று சொல்லித் தாண்டிவிட்டேன்.

படம் முடிந்தது. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏங் கண்ணு, கப்பல்ல திரும்பி வந்தான். அடுத்தாப்ல பார்த்தா செத்துப் போயிட்டான்னு வெள்ளைக்காரனுக்குக் காயிதம் போகுது. நடுவுல அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?"

"அதெல்லாம் காட்டலைங்கம்மா."

"சீக்காளி வூட்டுல ஒரு கஞ்சிக் கிண்ணத்தைக் கூடவா காட்ட மாட்டாங்க?"

இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் கணிதம் சரியா, தேவ் பட்டேலின் உச்சரிப்பு சரியா, நாமக்கட்டி சரியா என்றெல்லாம் அலசியிருந்தார்கள். அம்மா கேட்ட கேள்வியை நான் எங்கும் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அம்மாவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. என் அப்பா பக்கவாதம் வந்து ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். எங்கள் ஊர் சிவகிரிப் பக்கம். நான் கோவையில் வேலையில் இருந்தேன், வாரக் கடைசியில் போவேன், மருந்துச் சீட்டைப் பார்ப்பேன், பணம் கொடுப்பேன், திரும்பி வந்துவிடுவேன். அப்பா போன பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு கிடைத்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் அம்மா கையெழுத்து. என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, சர்க்கரை எவ்வளவு, எத்தனை தடவை படுக்கையில் திருப்பிப் போட்டது. ஒரு தாளில் "இன்னிக்கு ரெண்டு இட்லி" என்று மட்டும் இருந்தது. இருபது வருடமாக சாஃப்ட்வேரில் இருக்கிறேன், எத்தனையோ லாக் ஃபைல் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்கான ஒன்றைப் பார்த்ததில்லை. காதல் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அந்தக் கட்டைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

சரி, படத்துக்கு வருவோம்.

2014, 2015 இந்த இரண்டு வருடத்துக்குள், நோயாளியான விஞ்ஞானியின் வாழ்க்கையைச் சொல்லும் மூன்று படங்கள் வந்தன. ஸ்டீஃபன் ஹாக்கிங் பற்றிய 'தி தியரி ஆஃப் எவரிதிங்', ஞான ராஜசேகரன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்த 'ராமானுஜன்' (ஜூலை 2014), மேத்யூ பிரவுன் எடுத்த 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' (2015). மூன்றிலும் ஒரு மேதை, ஒரு நோய், ஒரு மனைவி. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. ஹாக்கிங் படம் நோயை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. ராமானுஜன் படங்கள் நோயைப் பெரும்பாலும் இங்கிலாந்துப் பனியிலேயே விட்டுவிடுகின்றன. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ராமானுஜனின் நோய் வீட்டுக்கு வந்த கதையில் நம்ம கொங்கு நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஒரே ரயில் பாதை

ராமானுஜன் என்றால் கும்பகோணம் என்பார்கள். பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22, அம்மா கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டில். அப்போது ஈரோடு கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. ஈரோட்டில் திருச்சி போகும் ரயிலில் ஏறினால் முதலில் கொடுமுடி, அப்புறம் கரூர், அப்புறம் குளித்தலை. குளித்தலைப் பக்கத்தில் ராஜேந்திரம் என்ற கிராமம். அதுதான் ஜானகியின் ஊர். 1909 ஜூலை 14 அன்று அங்கேதான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்த ரயில் பல மணி நேரம் தாமதமாக, நடு ராத்திரி தாண்டித்தான் குளித்தலை வந்து சேர்ந்தது. பெண்ணின் அப்பா கோபத்தில் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தார். கோமளத்தம்மாள்தான் பேசிச் சரிக்கட்டினார்.

ஜானகி பிறந்தது 1899 மார்ச் 21. கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்யாணத்தின்போது வயது 10. பருவமடைந்து சென்னைக்கு, மாமியாரோடு இருந்த அந்த வீட்டுக்கு வந்தபோது 13 சொச்சம். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பல் ஏறியபோது 15 வயதுக்கு நாலு நாள் குறைவு. அவர் திரும்பி வந்தபோது 20. அவர் இறந்தபோது 21.

இரண்டு படங்களிலும் ஜானகியாக நடித்த தேவிகா பீசே, பாமா இருவருமே இருபது வயது தாண்டியவர்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வயதுப் பெண்ணை மனைவியாக நடிக்க வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. என் புகார் வேறு. வயதை மாற்றிய கையோடு காதலையும் முன்னாடி நகர்த்திவிட்டார்கள். ஆங்கிலப் படத்தில் கப்பல் ஏறுவதற்கு முன்பே கணவனும் மனைவியும் மனம் விட்டுப் பேசுகிறார்கள், பிரிவுக்குக் கலங்குகிறார்கள். பிரிந்துபோன அந்தக் காதல்தான் கடிதங்களாக நடுப்படத்தை ஓட்டுகிறது. நிஜத்தில் 1914க்கு முன் அந்தப் பெண் ஒரு சிறுமி. மாமியாரின் கண்காணிப்பில் இருந்தவர். புருஷனோடு தனியாகப் பேசும் சந்தர்ப்பமே அபூர்வம். அங்கே காதல் கதைக்கு இடமே இல்லை.

அப்படியானால் இருவருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையா? இருந்தது. ஆனால் 1919ல் இருந்தது. படங்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் அந்த ஒரு வருடத்தில் இருந்தது.

கொடுமுடி

1917 வசந்த காலத்தில் கேம்பிரிட்ஜில் படுத்தவர் ராமானுஜன். அதன் பிறகு மெண்டிப் மலை, மாட்லாக், லண்டன், பட்னி என்று ஒவ்வொரு மருத்துவமனையாகவும் சானடோரியமாகவும் மாறி மாறி இருந்தார். 1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார், டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோவும் ஆனார். 1919 மார்ச் கடைசியில் பம்பாயில் வந்து இறங்கினார். வரவேற்க அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். ஜானகி இல்லை. ராமானுஜன் கேட்ட முதல் கேள்வி அவள் எங்கே என்பதுதான். அந்தச் சமயத்தில் ஜானகி பிறந்த வீட்டுப் பக்கம் இருந்தார். தான் எழுதிய கடிதங்கள் கணவனுக்குப் போகவில்லை, அவர் எழுதியவை தனக்கு வரவில்லை, நடுவில் மாமியார் நிறுத்திவிட்டார் என்பது ஜானகி பின்னாளில் சொன்னது.

சென்னையில் சில வாரம். வெயில் தாங்காது என்று கொடுமுடிக்கு மாற்றினார்கள். காவிரிக் கரை, கொஞ்சம் காற்றோட்டம். கிட்டத்தட்ட இரண்டு மாதம் அங்கே இருந்தார்.

கொடுமுடி என்றால் நமக்கு மகுடேஸ்வரர் கோயிலும் கே.பி.சுந்தராம்பாளும்தான் ஞாபகம் வரும். ராமானுஜன் நோயோடு வந்து தங்கிய ஊர் என்று எனக்கே முப்பது வயதுக்கு மேல், ராபர்ட் கனிகல் 1991ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதுதான் தெரியும். ஆங்கிலப் படத்துக்கும் மூலம் அதே புத்தகம்தான்.

அங்கே நடந்த ஒரு சம்பவம். ஆவணி அவிட்டம். பூணூல் மாற்றக் காவிரிக்குப் போக வேண்டும். ஜானகியும் கூட வருகிறேன் என்கிறார். கோமளத்தம்மாள் வேண்டாம் என்கிறார். ராமானுஜன் அதிகம் பேசவில்லை. வரட்டும் என்று அமைதியாகச் சொன்னார். அவ்வளவுதான். அம்மா சொன்னதற்கு மாறாக, மனைவி பக்கம் நின்று அவர் பேசியது அதுதான் திருப்பம் என்று ஜானகி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மெல்ல அந்த இருபது வயதுப் பெண் கைக்கு வந்தது.

ஒரு இயக்குநர் இதைவிட என்ன கேட்பார்? ஆறு இருக்கிறது. எலும்பும் தோலுமான ஒரு மனிதன் இருக்கிறான். வாசலில் மாமியார். ஒரே ஒரு சொல்லில் ஒரு கல்யாணம் பத்து வருடம் கழித்துத் தொடங்குகிறது. ஆனால் எந்தப் படமும் இந்தச் சம்பவத்தை மையமாக வைக்கவில்லை. ஆங்கிலப் படம் கொடுமுடிப் பக்கமே வரவில்லை.

செப்டம்பரில் கும்பகோணம். தஞ்சாவூருக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது, அது 'தான் சாவும் ஊர்' என்று சிலேடையாகச் சொல்லி மறுத்துவிட்டார். சிகிச்சைக்கும் முரண்டு பிடித்தார். வலியோடு ஜோக்கும் அடித்தார், கோபமும் பட்டார். 1920 ஜனவரியில் சென்னை சேத்துப்பட்டு. ஜனவரி 12 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில்தான் 'மாக் தீட்டா' சார்புகளைப் பற்றிச் சொல்கிறார். ஏப்ரல் 26 அன்று இறந்தார். வயது 32.

அந்த மாதங்களில் ஜானகி என்ன செய்தார்? பல பத்தாண்டுகள் கழித்து அவரே சொல்லியிருக்கிறார். காலையும் மாலையும் வெந்நீரில் துணி நனைத்து காலுக்கும் மார்புக்கும் ஒத்தடம் கொடுத்தார். கேட்கும்போது பலகையை எடுத்துக் கொடுத்தார். எழுதி எழுதிப் போட்ட தாள்களைப் பொறுக்கிச் சேர்த்து வைத்தார். இறப்பதற்குச் சில நாள் முன்பு வரை அவர் எழுதிக்கொண்டேதான் இருந்தார். நீ மட்டும் என்னோடு இங்கிலாந்து வந்திருந்தால் எனக்கு இந்தச் சீக்கு வந்திருக்காது என்று சொன்னாராம்.

தாள்களைப் பொறுக்கிச் சேர்த்தது சின்ன விஷயம் கிடையாது. ராமானுஜனின் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக 1923ல் ஹார்டிக்குப் போயின. 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில் பெட்டிக்குள் இருந்த ஒரு கட்டைக் கண்டுபிடித்தார். இன்று 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று சொல்கிறோமே, அதுதான். 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள், பெரும்பாலும் அந்தக் கடைசி வருட வேலை. அவற்றை நிரூபிக்கவே ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ன்ட்டும் ஐந்து தொகுதிகள் எழுத வேண்டியிருந்தது. சினிமாவுக்கு அந்த வருடம் சில நிமிடம்.

நோயைத் தப்பாக எழுதிய கதை

நோயின் விஷயத்துக்கு வருகிறேன். காசநோய் என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். படங்களிலும் அதே இருமல், அதே குளிர், அதே போர்வை. சினிமாவுக்குக் காசநோய் வசதியான நோய். இருமினால் போதும், பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

ஆனால் இங்கிலாந்து மருத்துவர்களுக்கு இது தெளிவாக இல்லை. முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். அப்புறம் காசநோய் என்றார்கள். ராத்திரி ராத்திரி காய்ச்சல், எடை குறைதல், வலி. 1994ல் டி.ஏ.பி.யங் என்பவர் கிடைத்த குறிப்புகளை எல்லாம் திரட்டி, ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் முடிவு: இது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ராமானுஜனுக்கு இந்தியாவில் இருந்தபோதே, 1906ல், சீதபேதி வந்திருக்கிறது. அந்தக் கிருமி பல வருடம் உடம்புக்குள் பதுங்கி இருந்து பின்னால் ஈரலுக்குப் போகும். அதற்கு அன்றே மருந்தும் இருந்தது. கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் 1912ல் எமெட்டின் ஊசியைப் பயன்படுத்திக் காட்டியிருந்தார்.

நான் மருத்துவன் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு சிஸ்டம் விழுந்தால் ஏன் விழுந்தது என்று பின்னாடி உட்கார்ந்து ஆராய்வோம். முதலில் கைக்குக் கிடைத்த காரணத்தை எழுதி டிக்கெட்டை மூடிவிடுவது சுலபம். யங் செய்தது மூடிய டிக்கெட்டை 74 வருடம் கழித்துத் திறந்தது. உடம்பு எரிந்துபோன பிறகு நூறு சதவீதம் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் அவர் வாதம் அறிகுறிகளோடு நன்றாகவே பொருந்துகிறது.

இது ஏன் ஒரு சினிமா விமர்சனத்துக்கு முக்கியம்? ஏனென்றால் இரண்டு தரப்புக்கும் காசநோய் ஒரு நீதிக்கதையாகப் பயன்படுகிறது. நம்ம ஆட்களுக்கு, குளிரிலும் அந்நிய மண்ணிலும் வெள்ளைக்காரன் நம் பிள்ளையைக் கொன்றுவிட்டான். அவர்களுக்கு, பிடிவாத சைவமும் ஆசாரமும் ஒரு மேதையைக் கொன்றன. யங் சொல்வது சரியானால் இரண்டு கதையும் ஆட்டம் காண்கிறது. குளிரும் போர்க்காலப் பட்டினியும் உடம்பைக் கெடுத்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கிருமி நம் ஊர்த் தண்ணீரில் இருந்து போயிருக்கும். அங்கே பெரிய பெரிய மருத்துவர்களும் அதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருப்பார்கள். இதில் வில்லன் யாரும் இல்லை. வில்லன் இல்லாத சாவைப் படமாக எடுப்பது கஷ்டம். அதனால் பனியை வில்லனாக்குகிறார்கள், இல்லாவிட்டால் மாமியாரை.

ஹாக்கிங் படம் எங்கே ஜெயித்தது

'தி தியரி ஆஃப் எவரிதிங்' குறையில்லாத படம் இல்லை. இயற்பியல் அதில் ஒரு அலங்காரம்தான். ஆனால் ஒரு காட்சி இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் மற்றவர்கள் சாதாரணமாகச் சாப்பிட, ஹாக்கிங்குக்குக் கரண்டி வாய்க்குப் போகாது. எழுந்து போய் மாடிப்படியில் தவழ்ந்து ஏறுவார். மேலே குழந்தை நின்று பார்க்கும். அம்மா கேட்ட கஞ்சிக் கிண்ணம் இந்தப் படத்தில் இருக்கிறது.

ஏன் இருக்கிறது என்றால், அது மனைவி எழுதிய புத்தகம். ஜேன் ஹாக்கிங்கின் நினைவுக் குறிப்பிலிருந்துதான் திரைக்கதை. 1963ல், 21 வயதில், இரண்டு வருடம்தான் என்று நாள் குறித்துவிட்டார்கள். 1965ல் அதைத் தெரிந்தேதான் ஜேன் கல்யாணம் செய்தார். 1985ல் நிமோனியா வந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்தபோது, கருவியை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர்கள் கேட்க, முடியாது என்றவரும் அவர்தான். பின்னாளில் களைத்துப் போனார், வேறொருவர் மீது அன்பு வந்தது, 1995ல் விவாகரத்து. படம் இதை மறைக்கவில்லை. கொஞ்சம் மிருதுவாக்கியிருக்கிறது. பராமரிப்பின் நிஜச் சிரமம் படத்தில் குறைந்துவிட்டது என்று ஜேனே சொன்னார். அப்படிக் குறைத்த பிறகும் மிச்சம் இருப்பதே நம் படங்களில் உள்ளதைவிட அதிகம். கடைசியில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டி, மூன்று குழந்தைகளிலிருந்து முதல் சந்திப்பு வரை போகிறார்கள். அதைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது என்றால், நடுவில் இருந்த வருடங்களை நமக்குக் காட்டியிருக்கிறார்கள் என்பதால்தான்.

ஜானகி புத்தகம் எழுதவில்லை. எண்பது வயதைத் தாண்டிய பிறகுதான் பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டார்கள். அவர் சொன்னதெல்லாம் சில பேட்டிகளிலும், கனிகல் புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களிலும் சிதறிக் கிடக்கிறது. ஆனால் கிடக்கிறது. எடுத்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தமிழ்ப் படம்

ஞான ராஜசேகரன் மீது எனக்கு மரியாதை உண்டு. 'மோகமுள்', 'பாரதி', 'பெரியார்' எடுத்தவர். கூட்டம் வராது என்று தெரிந்தே ஒரு கணிதக்காரரைத் தமிழில் படமாக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். அவர் படத்தில் ராமானுஜனின் வறுமை ஆங்கிலப் படத்தைவிட நம்பும்படி இருக்கிறது. வேலை கேட்டு நோட்டுப் புத்தகத்தோடு அலையும் இடங்களில் ஒரு தமிழ் எஃப்.ஏ. ஃபெயிலின் கூச்சம் தெரிகிறது. ரமேஷ் விநாயகத்தின் இசை படத்துக்குப் பலம். சுஹாசினி பிரமாதம். கடைசி வருடத்துக்கும் ஆங்கிலப் படத்தைவிடக் கூடுதல் இடம் கொடுக்கிறார்கள்.

குறை எங்கே என்றால், அந்த இடத்தில் ஜானகிக்கு வேலை கொடுக்கவில்லை. பாமாவுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கண்கலங்குவது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அழ நேரம் இருக்காது. எங்கள் அம்மா அந்த ஆறு வருடத்தில் அழுது நான் பார்த்ததில்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போதுதான் அழுதார். இதே இயக்குநர் 'பாரதி' எடுத்தபோது, செல்லம்மா பாரதி தன் கணவரைப் பற்றிச் சொல்லி எழுத வைத்த வாழ்க்கை வரலாறு தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த ஒன்றாக இருந்தது. செல்லம்மாவுக்கு ஒரு குரல் ஏற்கனவே இருந்தது. ஜானகிக்கு அந்தக் குரலைப் படம்தான் தேடிக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, கோமளத்தம்மாள். மாமியார் கொடுமை என்ற பழகிய சட்டத்துக்குள் அந்த அம்மாவை அடைப்பது சுலபம். கடிதங்களை மறைத்தார் என்பதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகளைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்தவர். கோயிலில் பஜனை பாடிச் சில்லறை சம்பாதித்தவர். கடல் கடந்தால் சாதி போகும் என்ற காலத்தில் கடைசியில் பிள்ளை போகட்டும் என்று சம்மதித்தவர். அவர் பயந்தது நடந்தது. ராமானுஜன் இறந்தபோது, கடல் தாண்டிப் போய் வந்து பிராயச்சித்தம் செய்யாதவர் என்று சொந்தக்காரர்கள் பலர் சாவுக்கே வரவில்லை. ஒரே வீட்டில் ஒரு தாயும் ஒரு மனைவியும் ஒரு சீக்காளியை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததற்குள் இரண்டு பேரின் பயமும் இருக்கிறது. நம் ஊரில் நோயாளி இருக்கும் எந்த வீட்டுக்கும் போய்ப் பாருங்கள், இந்தச் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கும்.

மீதி 74 வருடம்

படங்கள் ராமானுஜனோடு முடிந்துவிடுகின்றன. நியாயம்தான், அவர் பெயரில் எடுத்த படம். ஆனால் ஜானகி அதற்குப் பிறகு 74 வருடம் வாழ்ந்தார். அண்ணன் வீட்டில் பம்பாயில் இருந்தபோது தையல் கற்றுக்கொண்டார். 1930களின் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். பல்கலைக்கழகத்தின் பென்ஷன் மாதம் 20 ரூபாய். சிநேகிதி ஒருத்தி இறந்துபோக, அவர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்துப் படிக்க வைத்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று வயதான காலத்தில் ஒரு பேட்டியில் கேட்டார். அதைத் தெரிந்துகொண்ட அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி, உலகக் கணிதக்காரர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியிடம் மார்பளவுச் சிலை செய்ய வைத்தார். ஒன்று ஜானகியின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 1994 ஏப்ரல் 13 அன்று ஜானகி இறந்தார். நோயைத் திருத்தி எழுதிய யங்கின் கட்டுரை வெளியானதும் அதே வருடம்தான்.

கணவரின் கணிதம் அவருக்குப் புரியாது. அதை அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தத் தாள்கள் கீழே கிடக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. என் அம்மாவுக்கு மருத்துவம் தெரியாது. தேதித் தாளைக் குப்பையில் போடக் கூடாது என்று தெரிந்திருந்தது.

இதை எழுதுவதற்கு முன் போன வாரம் ஈரோட்டிலிருந்து பாசஞ்சர் பிடித்துக் கொடுமுடியில் இறங்கினேன். கோயில் பக்கத்தில், படித்துறையில், டீக்கடையில் என்று ஐந்தாறு பேரிடம் ராமானுஜன் இருந்த வீடு எது என்று கேட்டேன். "எந்த ராமானுஜனுங்க?" என்றார்கள். கணக்கு ராமானுஜன் என்றேன். "அவரு கும்பகோணமுங்களே" என்றார் ஒரு பெரியவர். தப்பில்லை. படம் பார்த்தவர்களுக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்.

படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. ஒரு வயதான ஆள் படியில் இறங்க முடியாமல் நிற்க, அவர் மனைவி ஒரு கையில் சொம்பும் இன்னொரு கையில் அவர் தோளுமாகக் கூட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் வந்த மகனோ மருமகனோ, "நீங்க மேலேயே இருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றான். அந்த அம்மா காதில் வாங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அந்தப் புள்ள நடுவில் என்ன பண்ணுச்சு என்று கேட்டீங்களே, ஒத்தடம் கொடுத்துச்சு, பலகை எடுத்துக் கொடுத்துச்சு, தாளைச் சேர்த்து வெச்சுச்சு, ஒரு நாள் ஆத்துக்குக் கூடவே போச்சு.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "அதுதானே. அதைக் காட்டியிருக்கலாமுல்ல."